யாருடைய பெயரில் பதிவது?

ஆவணி 4, 2025, திங்கள்

வெள்ளவத்தைக் கடைக்காரர் காலையில் போன் எடுத்தார். எங்கள் மிளகாய்த்தூள் நல்லாயிருக்கிறதாம், மாதாமாதம் எடுப்பாராம், ஆனால் பில்லும் வேண்டும், பையில் பதிவிலக்கமும் வேண்டும். பின்னேரம், தூள் இடிக்கிற நாங்கள் ஏழு பேரும் உருத்திரபுரத்தில் கூடினோம். வியாபாரப் பெயர் பதிவது பெரிய வேலையில்லை. கிராம சேவையாளரிடம் உறுதிப்படுத்தி, பிரதேச செயலகத்தில் கொடுத்தால் சரி. யாருடைய பெயரில் என்ற கேள்வி வந்ததும் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"நீதானே பிள்ளை கணக்குப் பாக்கிறனி. உன்ர பெயரிலயே போடு" என்றார் மாமி.

நான் ஓம் என்று சொல்லவில்லை. 1918 ஆம் ஆண்டின் வியாபாரப் பெயர்கள் கட்டளைச் சட்டப்படி பெயர் பதிவாகுமே தவிர, சட்டத்தின் முன் தனியாக ஒரு நிறுவனம் உண்டாவதில்லை. வியாபாரமும் நானும் ஒன்றுதான். வியாபாரம் பட்ட கடனுக்கு என் வீட்டுச் சாமானும் பொறுப்பு. மற்ற ஆறு பேருடைய உழைப்பும் என் பெயருக்குள் போய்விடும், நாளைக்கு எனக்கு ஒன்று ஆனால் அவர்களுக்குக் காட்ட ஒரு கடதாசியும் இராது.

ஆவணி 6, புதன்

எங்களில் ஒருவரான ஒட்டுசுட்டான் அக்கா ஒரு பொலித்தீன் உறையோடு வந்தா. உள்ளே அவவின் கணவருடைய அரைக்கும் மில்லின் பதிவுச் சான்றிதழ். ஒரு மூலையில் தண்ணீர்க் கறை, நடுவில் நாலாக மடித்த தடம், ஊசி குத்திய இடத்தில் துரு. கையொப்பம் மட்டும் அப்படியே இருக்கிறது. "முள்ளிவாய்க்கால் வரைக்கும் கொண்டு போனனான். நகையை வித்தனான், இதை விடேல்லை" என்றா.

2009 க்குப் பிறகு அவரைப் பற்றி ஒரு செய்தியும் இல்லை. மீள்குடியேறி வந்து மில்லைத் திருத்தக் கடன் கேட்டபோது, பதிவிலுள்ளவரே வந்து கையொப்பமிட வேண்டும் என்றார்கள். மரணச் சான்றிதழ் எடுக்க அக்காவுக்கு மனம் ஒப்பவில்லை. காணாமற்போனமைக்கான சான்றிதழ் என்ற ஏற்பாடே 2016 இன் 16 ஆம் இலக்கச் சட்டத்தோடுதான் வந்தது. அதற்கு முன்பே மில் பழைய இரும்பு விலைக்குப் போய்விட்டது.

வன்னியில் இப்படி எத்தனையோ வீடுகள். தனியொருவர் பெயரில் போடுவோம் என்ற பேச்சை இன்றோடு விட்டோம்.

ஆவணி 11, திங்கள்

அப்படியானால் பங்குடைமை. ஏழு பேரும் பங்காளிகள். சட்டம் தெரிந்த தம்பி ஒருவரோடு இருந்து பேசினேன். மூலதனம் 1000 ரூபாயைத் தாண்டினால் பங்குடைமை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறது 1840 ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம். இன்று 1000 ரூபாய்க்கு நாலு கிலோ மிளகாய்கூட வராது, ஆகவே எழுதாத கூட்டு என்று ஒன்றை நினைத்தும் பார்க்கக் கூடாது. மற்றப்படி இங்கிலாந்தின் 1890 ஆம் ஆண்டுப் பங்குடைமைச் சட்டம்தான் இங்கும் செல்லும். அதன்படி ஒருவர் பங்குடைமையின் பெயரில் கடன் பட்டால் எல்லோரும் பொறுப்பு. வேறுவிதமாக எழுதி வைக்காவிட்டால், ஒருவர் இறந்ததும் பங்குடைமை கலைந்துவிடும்.

எங்களில் மூன்று பேர் நுண்கடனில் அடிபட்டவர்கள். 2018 இல் வறட்சி மாவட்டங்களின் பெண்களுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரையான கடனை அரசு தள்ளுபடி செய்தபோதுதான் சிலருக்கு மூச்சு வந்தது. வாரக் கடன் குழுவில் பக்கத்து வீட்டுக்காரிக்காகக் கையொப்பமிட்டு, அவள் கட்டாத தவணையைத் தாங்கள் கட்டியவர்கள் இவர்கள். "ஆற்ற கடனுக்கும் நான் பொறுப்பு எண்டா எனக்கு வேண்டாம்" என்று ஒருத்தி எழுந்தே விட்டாள். அவளை இருத்திப் பேச எனக்கு வாய் வரவில்லை. அவள் சொல்வதுதான் நியாயம்.

ஆவணி 14, வியாழன்

தம்பி கம்பனியைச் சொல்கிறார். 2007 இன் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தில் ஒரே பங்குதாரரோடும் தனியார் கம்பனி தொடங்கலாம், 50 பேர் வரை சேரலாம். பதிவும் இணையவழி, கொழும்புக்கு ஓடத் தேவையில்லை. கம்பனி எங்களிலிருந்து வேறான ஆள், கடன் அதனுடையது. ஆனால் செயலாளர் ஒருவரை வைத்திருக்க வேண்டும், வருடாந்த அறிக்கை கொடுக்க வேண்டும், கணக்கு ஒழுங்காக இருக்க வேண்டும். தனியாளுக்கு வருடம் 18 லட்சம் வரை வருமான வரி இல்லை. கம்பனிக்கு அந்த விலக்கு இல்லை, பொதுவான வீதம் 30 சதவீதம். பொறுப்பு வரையறுக்கப்பட்டது என்பதையும் முழுதாக நம்ப முடியாது. சின்னக் கம்பனிக்கு வங்கி கடன் கொடுக்கும்போது பணிப்பாளர்களின் சொந்தப் பிணையைக் கேட்கும்.

இதைவிட எனக்கு உறுத்துவது வேறு. கம்பனியில் பங்குக்குத்தான் வாக்கு. கனடாவிலிருந்து அண்ணன் காசு அனுப்பக்கூடிய ஒருத்தி பாதிக்கு மேல் பங்கு எடுத்தால், மற்ற ஆறு பேரும் திரும்பவும் கூலிக்கு வறுக்கிறவர்கள்தான்.

ஆவணி 17, ஞாயிறு

கூட்டுறவைப் பற்றி இன்று நெடுநேரம் பேச்சு. 1972 இன் 5 ஆம் இலக்கச் சட்டம்: குறைந்தது பத்துப் பேர் வேண்டும். எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஒருவருக்கு ஒரு வாக்கு. பதிந்தபின் சங்கமே சட்டத்தின் முன் தனி ஆள்.

எதிர்ப்பும் வந்தது. கூட்டுறவு என்றால் கட்சிக்காரர் கைக்குப் போய்விடும், எதற்கும் திணைக்களத்தைக் கேட்க வேண்டும் என்றாள் ஒருத்தி. இரண்டும் நடக்கக் கூடியவை. இன்னொருத்தி, உதவித் திட்டத்துக்காக அவசரத்தில் பதிந்த ஒரு சங்கம் திட்டம் முடிய முத்திரையும் கொப்பியுமாக அலுமாரியில் கிடப்பதைச் சொன்னாள். வேறொருவருடைய விண்ணப்பப் படிவத்துக்காகப் பிறந்த சங்கம் அப்படித்தான் போகும். மாமிக்கு வேறு ஞாபகம். பொருளாதாரத் தடைக் காலத்தில் அரிசியும் சீனியும் பங்கிட்டுத் தந்தது பலநோக்குக் கூட்டுறவுச் சங்கக் கடைதான் என்றார்.

நான் வவுனியா வடக்கைச் சொன்னேன். போருக்குப் பின் அங்கே ரெட் லேடி பப்பாசி போட்டவர்கள் சர்வதேச தொழிலாளர் அமைப்பின் (ஐ.எல்.ஓ.) உதவியோடு பழச் செய்கையாளர் கூட்டுறவுச் சங்கமாகச் சேர்ந்தார்கள். ஏற்றுமதி செய்ய அவர்கள் கம்பனியாக மாறவில்லை. ஏற்றுமதிக் கம்பனி ஒன்றோடு உடன்படிக்கை செய்தார்கள், பழம் டுபாய் வரைக்கும் போனது. பூநகரிப் பக்கம் இரணைமாதா நகரிலும் நண்டு பதப்படுத்துவது கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தின் கீழ்தான். விளைவிக்கிறவர்கள் இந்தப் பக்கம் சங்கமாக நின்று, அந்தப் பக்கத்துக் கம்பனியோடு விலை பேசலாம். வெள்ளவத்தைக் கடைக்காரர் முன் எங்கள் ஏழு பேரில் யாராவது ஒருத்தி தனியாகப் போய் நிற்பதைவிட இது எவ்வளவோ மேல்.

ஆவணி 21, வியாழன்

கூட்டுறவுச் சங்கம் என்று முடிவானது. அடுத்தது தூள் இடிக்கும் இயந்திரத்துக்கான கொட்டில் விவகாரம். இயந்திரம் வைக்கப்போவது மாமியின் பெர்மிட் காணியில். 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த காணி, நினைத்தபடி பிரித்து எழுத முடியாது. சங்கக் காசில் சீமெந்து போட்டால் நாளைக்கு அது யாருடையது? மாமிக்குக் கோபம் வரும் என்று பயந்தோம். வரவில்லை. "என்ர மகன் நாளைக்கு என்ன சொல்லுவான் எண்டு எனக்கே தெரியாது. கழட்டிக் கொண்டு போகக்கூடிய மாதிரித் தகரத்தில போடுங்கோ" என்றார். அப்படியே முடிவானது.

ஆவணி 30, சனி

மேலும் மூன்று பேர் சேர்ந்தார்கள், சங்கத்துக்கு வேண்டிய பத்தாகிவிட்டது. அதில் இருவர் அக்கராயனில் மிளகாய் போடுகிறவர்கள். சங்கத்தின் துணைவிதிகளையும் எழுதத் தொடங்கினோம். விலகிப் போகிறவருக்குப் பங்குக் காசு திருப்பிக் கொடுபடும், இயந்திரத்தில் உரிமை கேட்க முடியாது. இறந்தவர், காணாமற்போனவர் பங்குக்கு உரித்தாளியை இப்போதே எழுதி வைக்க வேண்டும். உரித்தாளி விதியை முதல் வரியிலேயே போடச் சொன்னது ஒட்டுசுட்டான் அக்கா.

ஒன்று இன்னும் தீரவில்லை. மிளகாய் போடுகிற அந்த இருவரும் தங்கள் மிளகாயைச் சந்தை விலையைவிடக் கூட்டி எடுக்கச் சொல்கிறார்கள். தூள் இடிக்கிறவர்கள் சந்தை விலைக்கே எடுத்து, வருட முடிவில் இலாபத்தில் பங்கு தருவோம் என்கிறார்கள். நான் இரண்டாவது பக்கம். செவ்வாய்க்கிழமை கூட்டுறவு உதவி ஆணையாளர் பணிமனைக்குப் போக முதல், திங்கள் பின்னேரம் இதைப் பேசி முடிக்க வேண்டும்.