கேடி மாமாவின் யோசனை

சிந்தாதிரிப்பேட்டைக்கு ஜனங்கள் எதற்காக வருகிறார்கள்? மீன் வாங்க வருகிறார்கள். பறக்கும் ரயில் ஏற வருகிறார்கள். அருகருகே கோயில் கொண்டிருக்கும் ஆதிகேசவப் பெருமாளையும் ஆதிபுரீசுவரரையும் ஒரே நடையில் தரிசித்துவிட்டுப் போக வருகிறார்கள். கோல்ஃப் ஆட்டத்துக்கு யோசனை கேட்பதற்காக இந்தப் பேட்டைக்கு ஒருவன் வந்தான் என்றால் நேயர்கள் நம்பமாட்டார்கள். ஆனால் அவனை அழைத்துக்கொண்டு போனவன் நானே ஆகையால், சாட்சிக்கு வேறு ஆள் தேடவேண்டிய அவசியம் இல்லை.

முதலில் பேட்டையைப் பற்றி இரண்டு வார்த்தை. 1734-ஆம் வருஷத்தில், ஜார்ஜ் மார்ட்டன் பிட் என்பவர் கோட்டையில் கவர்னராக இருந்தபோது, கும்பினியாருக்கு வேண்டிய துணியை நெய்வதற்காக நெசவாளரைக் குடியேற்றிய இடம் இது. அதற்கு முன்பு சுங்குராமர் என்னும் பெரிய வியாபாரியின் தோட்டமாக இருந்தது. சின்னத் தறிகளின் பேட்டையாதலால் சின்னத்தறிப்பேட்டை; அதுவே வாய்க்கு வாய் மாறிச் சிந்தாதிரிப்பேட்டை ஆயிற்று என்பார்கள். நூற்பவர், நெய்பவர், சாயமிடுபவர், வெளுப்பவர் என்று ஒரு தொழிலின் முழுக் குடும்பமும் இங்கே வாசம் செய்தது. இப்போது தறிச் சத்தம் கேட்பதில்லை. 1995-இல் வந்த பறக்கும் ரயிலின் சத்தம் கேட்கிறது. மூன்று பக்கமும் கூவம் நதி வளைத்துக்கொண்டிருக்கிறது. (கூவத்தைப் பற்றி ஆரம்பித்தால் இந்தக் கட்டுரை கரையேறாது. நேயர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு மேலே வாசிக்கலாம்.)

மவுண்ட் ரோட்டைத் தாண்டினால் தீவுத் திடல். அங்கே 1884-இல் வெள்ளைக்காரர் ஏற்படுத்திய ஜிம்கானா கிளப் இருக்கிறது. அதன் கோல்ஃப் மைதானம் கிண்டியில், குதிரைப் பந்தய ஓடுபாதையின் நடுவே அமைந்தது. 2024 செப்டம்பரில் அரசாங்கம் பந்தய மைதானத்தின் குத்தகையை ரத்துச் செய்ததும், விவகாரம் கோர்ட்டுப் படி ஏறியதும் பத்திரிகை படிக்கிறவர்களுக்குத் தெரியும். மவுண்ட் ரோட்டிலேயே 1873-இல் தோன்றிய காஸ்மாபாலிடன் கிளப். அதற்குத் தெற்கே நந்தனத்தில் இன்னொரு கோல்ஃப் மைதானம். மொத்தத்தில், சீமான்களின் ஆட்டத்துக்கும் எங்கள் பேட்டைச் சந்துகளுக்கும் தூரம் அதிகம் இல்லை. நடுவில் ஒரு சுவர் இருந்தது, அவ்வளவுதான். அந்தச் சுவரில் ஒரு சின்னக் கதவும் இருந்தது. பை தூக்குகிறவர்கள் அதன் வழியாகப் போய் வந்தார்கள்.

சென்ற கோடை விடுமுறைக்குச் சில நாட்களுக்கு முன்னால் என் பழைய மாணாக்கன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். இப்போது ஒரு கம்பெனியில் பெரிய உத்தியோகம் பார்க்கிறான். ஆனாலும் "வந்தான்" என்று எழுதுவதுதான் எனக்கு வருகிறது. உபாத்தியாயர் தொழிலின் பழக்கதோஷம்.

"சார், அடுத்த மாசம் ஊட்டியில் கோல்ஃப் ஆடவேண்டும். எங்கள் முதலாளியும் அவருடைய சிநேகிதர்களும் வருகிறார்கள். நான் பழக ஆரம்பித்து ஒரு வருஷந்தான் ஆகிறது. அந்த மைதானத்தைக் கண்ணால் பார்த்தது கூட இல்லை. ஏதாவது நல்ல புஸ்தகம் இருந்தால் சொல்லுங்கள்" என்றான்.

"புஸ்தகம் எதற்கு? அருணாசல நாயக்கர் தெருவில் உன் தாய்மாமன் இருக்கிறாரே, அவரைக் கேட்டாயா?"

பையன் தரையைப் பார்த்தான். வீட்டுப் பாடம் எழுதாத காலத்திலும் அப்படித்தான் பார்ப்பான்.

அவனுடைய மாமா முப்பத்தைந்து வருஷம் நகரத்து மைதானம் ஒன்றில் பை தூக்கியவர். அந்த வேலைக்காரரைக் 'கேடி' என்று இங்கிலீஷில் சொல்லுகிறார்கள். தமிழ்நாட்டின் துரதிர்ஷ்டம், போலீஸ்காரர்களின் பட்டியலில் உள்ள போக்கிரிக்கும் அதே பெயர். பேட்டையில் 'கேடி மாமா' என்றுதான் அவரை எல்லோரும் அழைத்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொண்டார். ஆனால் 'கேடி மருமகன்' என்று வகுப்பில் எவனோ கூப்பிட்டதற்காக இந்தப் பையன் ஒருநாள் அவன் மூக்கை உடைத்துவிட்டான். காரணம் என்னவென்று விசாரிக்காமல் இவனை நாள் முழுவதும் பெஞ்சியின்மேல் நிற்கவைத்தவன் நான். விஷயம் எனக்குத் தெரிய வந்தபோது அவன் பள்ளிக்கூடத்தை விட்டே போயிருந்தான்.

"மாமா விஷயம் ஆபீஸில் யாருக்கும் தெரியாது, சார்" என்றான் மெல்ல.

நான் ஒன்றும் சொல்லாமல் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். அவனும் பின்னால் வந்தான்.

மாமா வாசல் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். பேட்டையில் எஞ்சியிருக்கும் திண்ணைகளை இப்போது விரல்விட்டு எண்ணிவிடலாம். "வாங்க வாத்தியார் ஐயா! வா மாப்பிள்ளே" என்று நகர்ந்து இடம் கொடுத்தார். விஷயத்தைச் சொன்னதும் வெகுநேரம் யோசித்தார்.

"ஊட்டியா? நான் மேட்டுப்பாளையத்துக்கு மேலே போனது இல்லையே. மிதிக்காத மண்ணைப் பத்தி நான் யோசனை சொன்னா அது பொய். யாரை எப்படிக் கேக்கணும்னு வேணா சொல்றேன்."

அப்புறம் அவர் சொன்னதை எல்லாம் பையன் குறித்துக்கொண்டான். நானுந்தான். ஒருநாள் முந்திப் போய்ச் சேரவேண்டும். மட்டையைக் கையில் தொடாமல் மைதானத்தை நடந்து பார்க்கவேண்டும். அதுவும் கடைசிக் குழியிலிருந்து முதல் குழிக்கு, பின்னாலிருந்து முன்னால். ஏனென்றால் மைதானத்தை அமைத்தவன் பள்ளத்தையும் மணல் குழியையும் அடிக்கிறவன் கண்ணுக்கு மறைத்துத்தான் வைப்பான். குழியண்டை நின்று திரும்பிப் பார்த்தால் அவன் சூது முழுவதும் வெளியாகிவிடும். புல் பளபளவென்று வெளுத்துத் தெரிந்தால் அது நமக்கு அப்பால் சாய்ந்திருக்கிறது, பந்து ஓடும். கறுத்துத் தெரிந்தால் நம்மைப் பார்த்துச் சாய்ந்திருக்கிறது, பந்து நிற்கும். சென்னையில் என்றால் காலையில் ஒரு காற்று, வெயில் ஏறியபின் கடற்காற்று. இரண்டுக்கும் ஒரே மட்டையை எடுக்கிறவன் ஏமாந்துபோவான்.

"மாப்பிள்ளே, இது முக்கியம். அங்கே பை தூக்கறவரைப் பார்த்து, 'பந்தை எங்கே அடிக்கட்டும்'னு கேக்காதே. நீ பெரிய மனுஷன், உனக்குப் பிடிச்சதைத்தான் சொல்லுவாரு. 'எங்கே போகக் கூடாது'ன்னு கேளு. அப்போ நெசத்தைச் சொல்லுவாரு. அவருகிட்டே நீயும் நெசத்தைச் சொல்லணும். நூத்தைம்பது கெஜம் அடிக்கிறவன் இருநூறுன்னு சொன்னா, அவரு என்ன யோசனை சொன்னாலும் தப்பாத்தான் போகும். டாக்டர்கிட்டேயும் கேடிகிட்டேயும் பொய் சொல்லப்படாது."

பையன் கோல்ஃப் சட்டத்தைப் படித்திருந்தான். படிப்பில் அவன் எப்போதும் கெட்டிக்காரன். பத்தாவது விதியை அவன் விவரித்தபோது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. ஆட்டம் துவங்குவதற்கு முன்னால் யாரை வேண்டுமானாலும் யோசனை கேட்கலாம். துவங்கிய பிறகு, தனி ஆட்டத்தில், எதிராளியைக் கேட்கக் கூடாது. வேடிக்கை பார்க்கிறவனைக் கேட்கக் கூடாது. கேட்டால் இரண்டு அடி அபராதம். குழி எவ்வளவு தூரம், தண்ணீர் எங்கே இருக்கிறது என்பவை பொதுச் செய்திகள், அவற்றைக் கேட்பதில் தோஷமில்லை. ஆனால் எந்த மட்டையை எடுப்பது, எப்படி அடிப்பது என்று கேட்பதற்கு அத்தனை பெரிய மைதானத்திலும் அனுமதிக்கப்பட்டவர் ஒரே ஒருவர். அவர் பையைத் தூக்கிக்கொண்டு நிற்கும் கேடி.

மாமா வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்படியா எழுதியிருக்கான்? முப்பத்தஞ்சு வருஷத்திலே எனக்கு ஒருத்தரும் சொல்லலையே!"

அவர் பையைத் தூக்கிய கனவான் ஒருவர் ஒரு சமயம் பெரிய கோப்பை ஒன்றை ஜயித்தாராம். பதினெட்டுக் குழியிலும் மாமா சொன்னபடி அடித்தாராம். இரவு விருந்து நடக்கும்போது மாமா சைக்கிள் நிறுத்தும் இடத்தில் காத்திருந்தார், பையைத் துடைத்து ஒப்படைக்கவேண்டுமே என்று. இதைக் கோபமில்லாமல் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த பையனுக்குத்தான் முகம் சிவந்தது.

இந்த ஆட்டம் நம் தேசத்துக்கு வந்தது நேற்று அல்ல. கல்கத்தாவில் 1829-ஆம் வருஷத்திலேயே கிளப் ஏற்பட்டுவிட்டது. பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே ஏற்பட்ட முதல் கோல்ஃப் கிளப் அதுதான். அந்தக் கல்கத்தா மைதானத்துப் புல்லைப் பராமரித்த ஒருவரின் பிள்ளை சௌராசியா, கேடியாக இருந்து ஆட்டம் கற்று, 2016-லும் 2017-லும் இந்தியன் ஓப்பன் பந்தயத்தை ஜயித்தார். அதற்கு வெகுகாலம் முன்னால், தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் இந்திய வம்சத்தைச் சேர்ந்த பாப்வா செவ்கோலம் என்ற ஏழை கேடி ஒருவர் இருந்தார். கைகளை எல்லோருக்கும் மாறாக வைத்து மட்டையைப் பிடிப்பார். ஹாலந்து தேசத்துப் பந்தயத்தை 1959, 1960, 1964 ஆகிய மூன்று வருஷங்களில் ஜயித்தார். 1963-இல் சொந்த ஊரிலேயே நேட்டால் ஓப்பனை ஜயித்தபோது, வெள்ளையர் கிளப்பின் கட்டடத்துக்குள் அவர் நுழைய இடமில்லை. வெளியே மழையில் நின்றபடி பரிசை வாங்கிக்கொண்டார். மாமாவுக்கு இந்தக் கதையை நான் சொன்னேன். "மழையா இருந்துதா?" என்று மட்டும் கேட்டார்.

குன்னூரில் என் தமக்கை இருக்கிறாள். விடுமுறைக்கு நான் அங்கே போவது வழக்கம். ஆகவே, "நீங்களும் வந்து பாருங்கள், சார்" என்று பையன் அழைத்தபோது தட்ட முடியவில்லை. குன்னூரிலிருந்து மலை ரயிலில் உதகை சேர்ந்தேன். 1899-இல் குன்னூர் வரையிலும் 1908-இல் உதகை வரையிலும் வந்த அந்த ரயிலைப் பற்றி இதற்குள் எல்லோரும் எழுதிவிட்டார்கள்.

உதகை மைதானம் வென்லாக் டவுன்ஸ் என்னும் புல்மேடுகளில் இருக்கிறது. கடல் அலை சட்டென்று பச்சையாகி உறைந்துபோனதுபோல் மேடும் பள்ளமுமாக நிலம் புரளுகிறது. இடையிடையே மஞ்சள் பூப் பூக்கும் முட்புதர்கள். வெள்ளைக்காரர் தம் ஊர் ஞாபகத்துக்காகக் கொண்டுவந்தவை. அவர்கள் போய்விட்டார்கள், முள் போகவில்லை.

பையன் முந்தின நாளே வந்து, அங்கே பை தூக்கும் ஐம்பது வயதுக்காரர் ஒருவரோடு கடைசிக் குழியிலிருந்து பின்னோக்கி நடந்தான். இப்படி ஒருவர் நடந்து தாம் பார்த்ததில்லை என்று அவர் சொன்னார். சொல்லிக் கொடுத்தது யார் என்றும் கேட்டார். "என் மாமா, உங்கள் தொழில்" என்றதும் அவருடைய பேச்சே மாறிவிட்டது. 7,000 அடிக்கு மேல் காற்று லேசு, பந்து சமவெளியில் போவதைவிட ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு அதிகம் போகும், ஆகையால் ஒரு மட்டை குறைத்து எடுங்கள். புல்தரை மேடு போலக் கண்ணுக்குத் தெரியும், நம்பாதீர்கள், பந்து பள்ளத்தாக்குப் பக்கமே திரும்பும். புதருக்குள் போன பந்தைத் தேடாதீர்கள், கை கிழியும் என்றெல்லாம் வரிசையாக வந்தது.

மறுநாள் ஆட்டம். நாலு பேர் ஆடினார்கள். நான் பின்னால் நடந்தேன். ஐந்தாவது குழி வரையில் பையன் நன்றாக ஆடினான். ஆறாவதில் கர்வம் வந்து, கேடி நீட்டிய மட்டையை விட்டுப் பெரியதாக ஒன்றை எடுத்தான். பந்து எங்கள் தலைக்கு மேலே அழகாகப் பறந்து மஞ்சள் பூக்களுக்குள் மறைந்தது. அப்புறம் எடுத்துக் கொடுத்ததையே வாங்கிக்கொண்டான்.

பதினோராவது குழியிலோ பன்னிரண்டாவதிலோ, முதலாளியின் சிநேகிதர் ஒருவர் இவனைப் பார்த்து, "தம்பி, நீ நேற்றே வந்து பார்த்தவனாயிற்றே, இதற்கு எந்த மட்டை?" என்று கேட்டார்.

"நான் சொல்லக் கூடாது, சார். சொன்னால் இருவருக்கும் அபராதம். உங்கள் கேடியைக் கேளுங்கள்."

"இவனையா?" என்று அவர் சிரித்தார். அவருடைய கேடி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். இருபது வயது இருக்கும்.

பையன் ஒரு நிமிஷம் பேசவில்லை. பெஞ்சியின்மேல் நின்றவனுடைய முகத்தை நான் பார்த்தேன். பிறகு, "என் தாய்மாமன் முப்பத்தைந்து வருஷம் இந்த வேலைதான் பார்த்தார், சார். எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் சொன்னதுதான்" என்றான். முதலாளி காதிலும் விழும்படியாகத்தான் சொன்னான்.

மலைக்காற்றுச் சத்தம் நன்றாகக் கேட்டது. அந்தக் கனவான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, தம் கேடியின் பக்கம் திரும்பி, "என்னப்பா சொல்லுகிறாய்?" என்று கேட்டார். அந்த இளைஞர் ஒரு மட்டையை உருவிக் கொடுத்தார். பந்து என்னவோ மணல் குழியில்தான் போய் விழுந்தது. யோசனை சரி, அடிதான் பிசகு என்று எனக்கே தெரிந்தது. நாலு பேரில் எங்கள் பையன் மூன்றாவது.

விடுமுறை முடிந்து பேட்டைக்குத் திரும்பியதும் திண்ணைக்குப் போனேன். பையன் டெலிபோனில் எல்லாம் சொல்லியிருந்தானாம். மாமா ஆட்டத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"பை தூக்கினவருக்கு வண்டி இருந்துதா, வாத்தியார் ஐயா? தோளிலேதான் சுமந்தாரா?"

"தோளில்தான்."

"அந்த ஏத்த இறக்கத்திலா? எந்தத் தோளு?"

நான் நினைவுபடுத்திப் பார்த்தேன். இடது தோள் என்றுதான் தோன்றியது.

"பதினெட்டுக் குழியும் ஒரே தோளா?" மாமா தம் இடது தோளைத் தடவிக்கொண்டார். "மூணு குழிக்கு ஒரு தடவை மாத்திப் போடச் சொல்லணும். மாப்பிள்ளைகிட்டே அவரு நம்பர் இருக்கும். சாயங்காலம் கேட்டு நானே பேசிடறேன்" என்றார்.