மாமாவின் நடையும் ரத்தத்தில் ஒரு புரதமும்

பி.காம். படிக்கிற உனக்கு மூளையைப் பற்றி என்ன பேச்சு என்று நண்பர்கள் கேட்கலாம். நோய் வீட்டுக்குள் வந்துவிட்டால் எல்லாம் படிக்க வேண்டியிருக்கிறது.

என் மாமாவுக்கு (அம்மாவின் அண்ணன்) நாற்பதைத் தாண்டியதும் நடை தடுமாறியது. சூலூர் சந்தையில் பார்த்தவர்கள், "காலையிலேயே தண்ணி போட்டுட்டாருங்க" என்றார்கள். மாமா டீயைத் தவிர எதையும் தொட்டதில்லை. பேச்சும் குழறிய பிறகுதான் மரபணு சோதனை நடந்தது. வந்த பெயர் எஸ்.சி.ஏ.1. சிறுமூளையைச் சிதைக்கிற பரம்பரை நோய்.

அபூர்வமானதுதான். ஆனால் தமிழ்நாட்டிலேயே ஒரு சமூகத்தாரிடம், நூற்றுக்கு ஏழு பேர் அளவில் இது இருப்பதாக 2005-இல் 'நியூராலஜி இந்தியா' இதழில் மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். இதற்குக் காரணமான மரபணுவை 1993-இல் ஹுடா ஸோக்பியும் ஹாரி ஆரும் கண்டுபிடித்தார்கள். தாய் தகப்பனில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வர வாய்ப்பு பாதிக்குப் பாதி.

இப்போது ஆராய்ச்சியாளர்கள் கவனிப்பது நியூரோஃபிலமென்ட் லைட் என்ற புரதத்தை. நரம்பு செல்லின் நீண்ட வாலுக்குள் சாரக்கம்பு மாதிரி நிற்பது. செல் சிதைந்தால் கசிந்து ரத்தத்துக்கு வருகிறது. அளப்பது பிகோகிராமில், அதாவது ஒரு கிராமில் லட்சம் கோடியில் ஒரு பங்கு! இந்த வகை நோய்களிலும் ஹண்டிங்டன் நோயிலும், தடுமாற்றம் வெளியே தெரியும் முன்பே இந்த அளவு ஏறத் தொடங்குகிறது.

என் பாஷையில் சொன்னால் மரபணு ஒரு கடன் பத்திரம். மூளை ஸ்கேன் பேலன்ஸ் ஷீட், இதுவரை போனதைக் காட்டும். இந்தப் புரதம் லாப நட்டக் கணக்கு, இப்போது எந்த வேகத்தில் போகிறது என்று காட்டும். மருந்து சோதிப்பவர்களுக்கு இது பெரிய உதவி, நடை மாறும்வரை வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். ஆனால் வயதானாலும் ஏறும், பக்கவாதம் வந்தாலும் ஏறும். தனி ஒருவருக்கு இன்ன வருஷம் நோய் தொடங்கும் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. நோயை நிறுத்த மருந்தும் இன்னும் இல்லை.

அம்மாவுக்கு இப்போது நாற்பத்தாறு. சோதித்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். "தெரிஞ்சு என்ன பண்றது கண்ணு, நீ பரிட்சைக்குப் படி" என்றார்.

நான் மட்டும் போய்ச் செய்துகொள்ளலாம்தான். ஆனால் எனக்கு 'உண்டு' என்று வந்தால் அது அம்மாவின் ரிசல்ட்டும்தான், அவர் கேட்காமலே. அதனால் மரபணு சோதனைக்கான ஃபாரம் என் காஸ்ட் அக்கவுண்டிங் புத்தகத்துக்குள் அப்படியே இருக்கிறது.