மெங்ஹாய் கொட்டகையில் வேகும் தேயிலை

மியான்மர் எல்லையை ஒட்டிய மெங்ஹாய்க்கு ஜிங்ஹோங்கிலிருந்து மலைப்பாதையில் ஏறி வந்தேன். சீனாவின் யுன்னான் மாகாணத்தில் பூ-அர் தேயிலைக்குப் பேர்போன வட்டாரம் இது. தோட்டங்களை வழியெல்லாம் பார்த்தாயிற்று. எனக்கு வேண்டியிருந்தது, ஈரத் தேயிலையைக் குவித்துப் புளிக்கவிடும் கொட்டகை. இந்தச் சிறு ஆலையின் உரிமையாளர் ஒரு ஹானி இனப் பெண்மணி. காலுக்கு உறை மாட்டிக்கொள்ளச் சொல்லி உள்ளே அழைத்துப்போனார்.

சிமென்ட் தரையில் இடுப்பளவு உயரத்துக்கு நீளமாகக் கிடக்கிறது குவியல். மேலே தடித்த துணி போர்த்தியிருக்கிறது. பல டன் இருக்கும். ஆட்கள் துணியை விலக்கி மண்வெட்டியால் புரட்டத் தொடங்கியதும் குப்பென்று ஆவி கிளம்பியது. ஈர மண், பழைய மரப்பெட்டி, அடியில் லேசான இனிப்பு: எல்லாம் கலந்த வாசனை. மேஸ்திரி நீளமான வெப்பமானியைச் செருகி எடுத்துக் காட்டினார். 58 டிகிரி. அடுப்பு கிடையாது, நெருப்பு கிடையாது. நனைந்த வைக்கோல் போர் உள்ளுக்குள்ளேயே சூடேறுமே, அதே சங்கதிதான்.

நீலகிரியிலும் வால்பாறையிலும் தேயிலை கறுப்பது, இலையின் சொந்த நொதிகளும் காற்றும் சேர்ந்து ஓரிரு மணி நேரத்தில் முடிக்கிற வேலை. இங்கே கறுப்புப் பூஞ்சைகளும் ஈஸ்ட்டுகளும் ஒன்றரை இரண்டு மாதம் இலையைத் தின்று மாற்றுகின்றன. துவர்ப்பைத் தரும் பொருள்கள் குறைகின்றன. பச்சை இலை கரும்பழுப்பாகிறது. சூடு கட்டுமீறினால் இலை கருகிக் கரியாகும். போதாமல் போனால் புளித்து வீணாகும். இரண்டுக்கும் நடுவில் நிறுத்துவதற்குத்தான் இந்தப் புரட்டல். வெப்பமானியைத் துடைத்து வைத்துவிட்டு மேஸ்திரி குவியலுக்குள் முழங்கை வரை கைவிட்டு ஒரு பிடி இலையை எடுத்து முகர்ந்தார். அதற்குப் பிறகுதான் எவ்வளவு தண்ணீர் தெளிப்பது என்று ஆட்களிடம் சொன்னார்.

இந்த முறைக்கு வயது அதிகமில்லை. பூ-அரில் பழைய வகை ஷெங். பறித்த இலையை வாட்டி, இரும்புச் சட்டியில் வறுத்து, கசக்கி, வெயிலில் காயவைத்து, வில்லையாக அழுத்திப் பல வருடம் கிடப்பில் போடுவார்கள். ஹாங்காங் தேநீர்க் கடைகளில் அப்படி முதிர்ந்த தேயிலைக்குக் கிராக்கி இருந்தது. அத்தனை வருடம் காத்திருக்காமல் அந்த ருசியைக் கொண்டுவர வழி தேடி, 1973-இல் குன்மிங் ஆலையிலிருந்து ஒரு குழு குவாங்டோங் போய், இலையை ஈரப்படுத்திப் பதப்படுத்துவதைப் பார்த்துவந்தது. குன்மிங்கிலும் மெங்ஹாயிலும் அது மெருகேறி ‘ஷோ’ என்ற வகை பிறந்தது.

சேகரிப்பாளர்களில் ஒரு சாரார் ஷோவைக் குறுக்கு வழி என்று ஒதுக்குகிறார்கள். எனக்கு அது அநியாயமாகப் படுகிறது. ஷெங்கில் பெரும்பங்கு வேலையைக் காலம் பார்த்துக்கொள்கிறது. இங்கே ஒவ்வொரு புரட்டலுக்கும் ஒரு மனிதர் பொறுப்பேற்கிறார். குவியல் கெட்டால் பல டன் போய்விடும். இதைக் கைத்தொழில் என்று மதிக்காமல் வேறு எதை மதிப்பது? குவியலில் பிசுபிசுத்து உருண்டைகளாகக் கட்டிக்கொள்ளும் இலையைக்கூட இவர்கள் எறிவதில்லை. ‘லாவ் சா தோ’ என்ற பெயரில் அது தனியாக விற்கிறது. அதற்கென்றே ரசிகர்கள் உண்டு.

அடுத்த அறையில் வில்லை அழுத்துகிறார்கள். 357 கிராம் நிறுத்து, அடியில் துளையிட்ட டப்பாவில் கொட்டி, சில நொடி ஆவி காட்டி, துணிப்பைக்கு மாற்றி முறுக்கி முடிச்சுப் போடுகிறார் ஓர் இளைஞர். கல்லை மேலே வைத்து, அதன்மேல் ஏறி நின்று உடலை மெல்ல ஆட்டுகிறார். வில்லையின் முதுகில் இருக்கும் குழி அந்த முடிச்சு பதிந்த இடம். ஏழு வில்லைகளை மூங்கில் மடலில் சுற்றினால் ஒரு கட்டு, சுமார் இரண்டரை கிலோ.

மேசையில் ஷெங்கும் ஷோவும் வந்தன. பாலும் இல்லை, சர்க்கரையும் இல்லை. ‘கைவான்’ என்ற மூடிபோட்ட சிறு கிண்ணத்தில் ஏழெட்டு கிராம் இலை. உரிமையாளர் கொதிநீர் ஊற்றி முதல் தண்ணீரைக் கொட்டிவிடுகிறார்; அது இலையைக் கழுவ. அப்புறம் பத்துப் பத்து நொடியில் வடித்து வடித்துத் தருகிறார். இளம் ஷெங் முதலில் நன்றாகவே கசந்தது. விழுங்கியபின் தொண்டையிலிருந்து இனிப்பு ஏறி வந்தது. ஷோ பார்வைக்குக் காப்பி நிறம், வாயில் கசப்பே இல்லை. நாக்கில் கனமாக, வழவழப்பாக இறங்கியது. எட்டாவது ஊற்றலிலும் சாயம் குறையவில்லை.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு எதைச் சொல்வீர்கள் என்று கேட்டேன். “ஷோ. ஆனால் போன மாதம் குவியலிலிருந்து எடுத்தது வேண்டாம். இரண்டு மூன்று வருடம் ஆறினதாகப் பார்த்து வாங்குங்கள், குவியல் வாடை போயிருக்கும்” என்றார். நானும் அதையே சொல்வேன். பழைய மரத்து ஷெங் என்று அதிக விலை சொல்லும் வில்லைகளில் எது உண்மை என்று புதியவரால் கண்டுபிடிக்க முடியாது. ஊகவணிகத்தால் ஏறிய விலை 2007-இல் சரிந்தபோது வியாபாரிகளே கையைச் சுட்டுக்கொண்ட சந்தை இது. உறையில் 7572 என்று இருந்தால் அது தயாரித்த வருடம் என்று நினைக்க வேண்டாம்: 75 அந்தக் கலவை உருவான வருடம், 7 இலைத் தரம், 2 மெங்ஹாய் ஆலையின் எண். வீட்டில் வெயில் படாத, காற்றோட்டமுள்ள அலமாரியில் வையுங்கள். மசாலா டப்பாக்களின் பக்கம் மட்டும் வேண்டாம், வாசனையை இழுத்துக்கொள்ளும்.