தணிக்கை

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும்போது பஸ்ஸில் எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொள்வார்களே, அந்த சிப்காட்டில்தான் அப்பாவுக்கு வேலை. ஒரு கம்பெனியில் பிட்டர். பகல் ஷிப்ட் முடிந்து வந்தால் இரவு ஒன்பதே காலுக்கு ரேடியோவோடு மாடிக்குப் போய்விடுவார். ஷார்ட் வேவில் பிபிசி தமிழோசை! 2009-ல் ஈழத்தில் போர் உச்சத்தில் இருந்தபோது நான் சின்னப் பையன். அந்த அரை மணி நேரம் வீட்டில் யாரும் வாயைத் திறக்கக் கூடாது.

"இவன் பொய் சொல்ல மாட்டான்." இது அப்பாவின் தீர்ப்பு.

போன வருடம்தான் எனக்கு ஒரு விஷயம் தெரிந்தது. தமிழோசை தொடங்கியது 1941-ல், உலகப் போருக்கு நடுவில். பிபிசி உலக சேவைக்கு 2014 வரை பணம் கொடுத்தது பிரிட்டிஷ் வெளியுறவுத் துறை. பெரிதாகக் கண்டுபிடித்த மாதிரி அப்பாவிடம் போய், "நீங்க கேட்டதெல்லாம் பிரிட்டிஷ் அரசாங்கத்து பிரசாரம்பா" என்றேன்.

"எங்க கம்பெனி ஆடிட்டருக்கு ஃபீஸ் யாருடா குடுக்கறா?" என்றார்.

பி.காம் படிக்கிறவன் மாட்டிக்கொண்டேன். கம்பெனிதான் கொடுக்கிறது. அதனால்தான் ஆடிட்டரைப் பதவிக்காலம் முடியும் முன் எம்.டி. இஷ்டத்துக்குத் தூக்க முடியாது. பங்குதாரர்களின் சிறப்புத் தீர்மானம் வேண்டும், மத்திய அரசின் அனுமதியும் வேண்டும். ஆக, காசு யாருடையது என்பது பாதிக் கேள்விதான். கொடுத்தவன் கை வைக்க முடியுமா என்பது மீதி.

தமிழில் ஒரு வேடிக்கை பாருங்கள். ஆடிட்டும் தணிக்கை, சென்சாரும் தணிக்கை!

இலங்கையில் தமிழோசையை எஃப்.எம்.மில் மறு ஒலிபரப்பு செய்தது அரசின் ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம். பிடிக்காத செய்தி வந்தால் நடுவில் வெட்டினார்கள். அதனால் 2009 பிப்ரவரியிலும் 2013 மார்ச்சிலும் பிபிசியே நிகழ்ச்சி கொடுப்பதை நிறுத்தியது. அப்பாவின் ஷார்ட் வேவ் கொழும்பு வழியாக வராததால் தப்பித்தது.

அமெரிக்காவில் வேறு விதம். வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவின் செய்தி நடுநிலையாக இருக்க வேண்டும் என்று 1976-லேயே சட்டம் போட்டார்கள். 2025 மார்ச்சில் டிரம்ப் ஒரு உத்தரவு போட்டார். மறுநாளே 1,300-க்கும் மேற்பட்டவர்களுக்குக் கட்டாய விடுப்பு. சட்டம் அப்படியே இருந்தது, மைக் அணைந்துவிட்டது.

நம் ஆகாசவாணி மட்டும் என்னவாம்? 1975 நெருக்கடி நிலையில் அது அரசின் குரலாகவே இருந்தது. 1997-ல் பிரசார் பாரதி என்ற தன்னாட்சி அமைப்பின் கீழ் வந்தது. ஆனாலும் பெரும்பகுதிப் பணம் இன்னும் டில்லியிலிருந்துதான்.

2017 ஏப்ரலோடு தமிழோசை வானொலி நின்றது. அப்பாவின் ரேடியோ இப்போது பீரோ மேல் தூசி படிந்து கிடக்கிறது. அதே ஒன்பதே காலுக்கு வாட்ஸ்அப்பில் வருகிற வீடியோக்களைப் பார்க்கிறார்.

"இது யார் காசுப்பா?" என்று கேட்டேன்.

ரொம்ப நேரம் யோசித்தார். "தெரியலையேடா..."

தமிழோசைக்கு யார் காசு என்று ஊருக்கே தெரியும். பிரிட்டன் பற்றிய செய்தி என்றால் கொஞ்சம் கூடுதலாகக் காதைத் தீட்டிக்கொள்ளலாம். இந்த வீடியோக்களில் எந்த இடத்தில் சந்தேகப்படுவது என்றே தெரியவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

உங்கள் வீட்டில் எப்படி?