பின்கண்ணாடியின் விலை

பாகான் டாலாம் பினாங்கு மாநிலத்தைச் சேர்ந்ததாயினும் தீவில் உள்ள ஊர் அன்று. பெருநிலத்தில், பட்டர்வொர்த் துறைமுகத்திற்கும் புகைவண்டி நிலையத்திற்கும் அண்மையில், கடலின் உப்புக்காற்று வந்து படியும் தொலைவில் அமைந்தது. துறைமுகத்திலும் புகைவண்டிப் பகுதியிலும் உழைத்து ஓய்ந்த தமிழ்க் குடும்பங்கள் பல அங்கு வாழ்கின்றன. அவற்றுள் ஒரு குடும்பத்தின் தலைவர், துறைமுகக் கிடங்கில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி ஓய்வு பெற்றவர். உடைமை எனச் சொல்லத்தக்கவை அவருக்கு இரண்டே. ஒன்று வீடு, மற்றொன்று, 2008ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்த வகையைச் சேர்ந்த புரோட்டோன் சாகா மகிழுந்து. அதுவும் பிறர் ஓட்டிக் கழித்ததை வாங்கியதே.

அம்மகிழுந்து ஊர் சுற்றுவதற்காக வைக்கப்பட்டதன்று. மனைவியாருக்குச் சிறுநீரகங்கள் செயலிழந்துவிட்டன. திங்கள், புதன், வெள்ளி என வாரத்தில் மூன்று நாள், காலை ஆறு மணிக்குள் அவர் இரத்தச் சுத்திகரிப்பு நிலையத்தில் இருந்தாக வேண்டும். நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு பிணைக்கப்பட்டிருந்து வெளியே வரும்போது அவ்வம்மையாரால் நிமிர்ந்து உட்கார இயலாது. பின்னிருக்கையில் சாய்ந்து, தலையைப் பின்கண்ணாடிப் பக்கம் சரித்துக் கண்களை மூடிக்கொள்வார். வீடு வந்து சேரும்வரை இருவரும் பேசுவதில்லை. பேசாமல் வருவதே அப்பெரியவர் மனைவிக்குச் செய்யும் பணிவிடை.

ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகலில் சாலையோரப் புல்லை வெட்ட ஆட்கள் வந்தனர். தோளில் தொங்கவிட்டுச் சுழற்றும் இயந்திரம் புல்லை மட்டுமா வெட்டுகிறது? புல்லினுள் கிடக்கும் சிறு கல்லையும் வீசி எறிகிறது. ‘பட்’டென்று ஓர் ஒலி. பெரியவர் வெளியே வந்து பார்த்தபோது பின்கண்ணாடி கீழே விழவில்லை. வெயிலைத் தடுக்க உட்புறம் ஒட்டியிருந்த கறுப்பு மென்படலம் அதைத் தாங்கிக்கொண்டிருந்தது. ஆனால் கண்ணாடி முழுவதும் சிலந்தி வலைபோல் வெளிறிப் போயிருந்தது. என்ன ஆயிற்றென்று அறியக் கதவைத் திறந்து, வழக்கம்போல் அழுத்திச் சாத்தினார். அவ்வளவுதான், படலம் கிழிந்து, கண்ணாடி அரிசி கொட்டுவதுபோல் கலகலவெனப் பின்னிருக்கையில் சரிந்தது.

இயந்திரத்தை நிறுத்திவிட்டு ஓடிவந்த தொழிலாளி வேற்று நாட்டவன், இளைஞன். அரைகுறை மலாயில் ஏதோ சொல்லிக் கைகூப்பினான். அண்டை வீட்டார் கூடிவிட்டனர். அவன் இயந்திரத்தைப் பிடுங்கி வைத்துக்கொள்ளச் சொன்னார் ஒருவர். காவல் நிலையம் செல்லச் சொன்னார் மற்றொருவர். பெரியவர் கேட்டது ஒன்றே: “இவனுக்கு ஒரு நாள் கூலி என்ன இருக்கும்?” யாரும் விடை சொல்லவில்லை. குத்தகையாளருடன் தொலைபேசியில் பேசியபோது, அவர், “அந்தக் கல் எங்களுடையதா?” என்று கேட்டாராம். படமெடுத்து, புகார் எழுதி, மாதக்கணக்கில் நடந்தால் இழப்பீடு கிடைக்க வழி உண்டு. மறுநாள் புதன்கிழமை என்பதுதான் இடர்ப்பாடு. அவ்விளைஞனைப் போகச் சொல்லிவிட்டுப் பெரியவர் மாக் மண்டின் பக்கமுள்ள கண்ணாடிப் பட்டறைக்குப் புறப்பட்டார்.

பட்டறை முதலாளி சீனர். விலை என்னவென்று கேட்டால் அவர் விலை சொல்லவில்லை, கேள்விகள் கேட்டார். எந்த ஆண்டு வண்டி? கண்ணாடியில் சூடேற்றும் கோடுகள் உண்டா? வானொலிக்குரிய அலைவாங்கி அதிலேயே பதிந்துள்ளதா? படலம் ஒட்டியிருந்ததா? காப்புறுதி உண்டா? ஆளைப் பார்த்து விலை ஏற்றுவதற்கான தந்திரம் என்றே பெரியவர் முதலில் எண்ணினார். அங்குப் பணிபுரியும் தமிழ் இளைஞன் அவர் முகத்தைப் படித்துவிட்டான்.

“ஐயா, தவுக்கே ஏமாற்றவில்லை. ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு விலை இருக்கிறது” என்றான்.

அவன் சொன்னது மெய்யே. முன்கண்ணாடியும் பின்கண்ணாடியும் பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றினும் பிறப்பால் வேறானவை. முன்கண்ணாடி இரு தகடுகளுக்கிடையே நெகிழிப் படலம் வைத்து ஒட்டப்பட்டது. பிரெஞ்சு வேதியியலார் எதுவார் பெனடிக்டஸ் என்பவரின் ஆய்வுக்கூடத்தில் 1903ஆம் ஆண்டு ஒரு குடுவை விழுந்தது. விரிசல் கண்டதேயன்றிச் சிதறவில்லை. உள்ளே காய்ந்து படிந்திருந்த மென்பூச்சு துண்டுகளைப் பிடித்துக்கொண்டிருந்தது. அதிலிருந்து பிறந்ததே இன்றைய முன்கண்ணாடி. அதில் சிறு கீறல் விழுந்தால் பிசின் நிரப்பிச் சரிசெய்துவிடலாம், செலவும் சிறிது.

பின்கண்ணாடிக்கு அந்தச் சலுகை இல்லை. பெரும்பாலான மகிழுந்துகளில் அது பதப்படுத்திய ஒற்றைத் தகடு. அறுநூறு பாகைக்கு மேல் காய்ச்சி, உடனே இருபுறமும் குளிர்காற்றை வீசி அதை ஆற்றுவார்கள். மேற்பரப்பு முதலில் இறுகிவிடும். உள்ளிருக்கும் பகுதி பின்னர் இறுகிச் சுருங்கும்போது மேற்பரப்பைத் தன்பால் இழுக்கும். வெளியே அமுக்கம், உள்ளே இழுவிசை என்ற இந்தப் போராட்டமே அதன் வலிமை. கையால் ஓங்கித் தட்டினாலும் தாங்கும். கூரிய சிறு கல் மேற்பரப்பைத் துளைத்து உட்புறத்தைத் தொட்டுவிட்டாலோ, அடைபட்டிருந்த விசை முழுவதும் ஒரே நொடியில் விடுபடும். பதினேழாம் நூற்றாண்டிலேயே ஐரோப்பியர் இதன் வியப்பைக் கண்டனர். உருகிய கண்ணாடித் துளியை நீரில் விட்டால் தலை தடித்து வால் நீண்ட மணியாக இறுகும். தலையைச் சுத்தியால் அடித்தாலும் உடையாது. வாலை ஒடித்தால் முழுதும் பொடியாகும். ரூப்பர்ட் இளவரசரின் துளி என்று பெயர் பெற்ற அதை இராபர்ட்டு ஊக்கு என்ற அறிவியலார் 1665இல் வெளியிட்ட நூலில் ஆராய்ந்துள்ளார். பாகான் டாலாமில் அன்று பிற்பகல் உடைந்ததும் ஏறத்தாழ அத்தகைய துளியே. கூரிய சில்லுகளாகாமல் மழுங்கிய மணிகளாக உதிர்வதால் உள்ளிருப்போர்க்கு ஆழ்ந்த வெட்டுக்காயம் நேர்வது அரிது. அதற்காகவே அப்படிச் செய்கின்றனர். ஆனால் பழுது பார்த்தல் என்ற பேச்சுக்கே இடமில்லை. முழுக் கண்ணாடியையும் மாற்றத்தான் வேண்டும்.

இதனினும் பெரியதொரு செய்தி உண்டு. பதப்படுத்திய கண்ணாடியை அறுக்க முடியாது, அறுத்தால் உதிர்ந்துவிடும். வீட்டுச் சன்னலுக்குக் கடைக்காரர் அளவெடுத்து வெட்டித் தருவதுபோல் மகிழுந்துக்குத் தர இயலாது. வடிவம், வளைவு, துளை யாவும் பதப்படுத்துமுன்பே அமைந்திருக்க வேண்டும். ஆதலின் ஒரு வகை மகிழுந்தின் கண்ணாடி அவ்வகைக்கு மட்டுமே உரியது. விலையை ஆள்வதில் இதற்கே முதலிடம். சாலையில் ஆயிரக்கணக்கில் ஓடும் வண்டியாயின் கண்ணாடியைப் பலர் செய்வர், கிடங்கில் இருக்கும், விலை இறங்கும். அன்று அதே பட்டறையில் ஜப்பானிலிருந்து இறக்குமதியான விலையுயர்ந்த வண்டியொன்று, கண்ணாடி எங்கிருந்தோ வரவேண்டுமென்று நெகிழித்தாள் போர்த்திக் காத்து நின்றது. அதனருகே தம் பழைய சாகாவை நிறுத்தியபோது, எளிய வண்டி வைத்திருப்பதும் ஒருவகைச் செல்வமே என்று பெரியவருக்குத் தோன்றியிருக்கக் கூடும்.

அடுத்தவை கண்ணாடியின்மேல் ஏறி உட்கார்ந்துள்ள பொருள்கள். பின்கண்ணாடியில் குறுக்கே ஓடும் மெல்லிய கோடுகள் அழகுக்கானவை அல்ல. வெள்ளி கலந்த குழம்பால் வரைந்து சூளையில் பதித்தவை. மின்சாரம் பாய்ந்தால் சூடேறிப் பனிமூட்டத்தை விலக்கும். சில வண்டிகளில் வானொலி அலைவாங்கியும் அவ்வாறே பதிந்திருக்கும். பின்கதவே மேல்நோக்கித் திறக்கும் வண்டிகளில் துடைப்பானுக்குத் துளை வேண்டும். கூடுதல் நிறுத்த விளக்கையும் கழற்றி மாட்ட வேண்டும். கூட்டிப் பார்த்தால், வெறுங் கண்ணாடியின் விலையை இவை எளிதில் விஞ்சிவிடும்.

கூலியையும் குறைவாக எண்ணலாகாது. முற்கால வண்டிகளில் கண்ணாடி ரப்பர் வளையத்துள் செருகப்பட்டிருந்தது. பிற்கால வண்டிகளில் பசையால் ஒட்டப்படுகிறது. பழைய பசையைச் செதுக்கி, விளிம்பைத் துடைத்து, அடிப்பூச்சு பூசி, புதுப்பசை இட்டு, அது இறுகும்வரை காத்திருக்க வேண்டும். அதற்கு முன் உதிர்ந்த மணிகளை இருக்கையின் இடுக்கிலிருந்தும், இடைவாரின் குழியிலிருந்தும், பின்புறச் சாமான் பெட்டியிலிருந்தும் உறிஞ்சி எடுக்க வேண்டும். இவ்வேலையில்தான் நல்ல பட்டறை எது, அவசரப் பட்டறை எது என்பது தெரியும்.

காப்புறுதி பற்றிய கேள்விக்குப் பெரியவர் தலையை அசைத்தார். மலேசியாவில் முழுக் காப்புறுதியோடு கண்ணாடிக்கென்று தனி இணைப்பு வாங்கலாம். கண்ணாடி மதிப்பில் நூற்றுக்குப் பதினைந்து வீதம் கட்டணம். 500 ரிங்கிட் கண்ணாடிக்கு 75 ரிங்கிட். அவ்விணைப்பின்வழி இழப்பீடு பெற்றால், ஐந்து ஆண்டுகளில் 55 விழுக்காடுவரை உயரும் ‘கோரிக்கையின்மைத் தள்ளுபடி’ குறையாது. இணைப்பு இல்லாமல் முழுக் காப்புறுதியில் கண்ணாடிக்கு இழப்பீடு கோரினால் அத்தள்ளுபடி போய்விடும். ஒருமுறை பயன்படுத்திவிட்டால் மீண்டும் பணம் கட்டி இணைப்பைப் புதுப்பிக்க வேண்டும் என்பதையும் பலர் மறந்துவிடுவர். பெரியவர் நெடுங்காலம் இதனைக் கட்டி வந்தவர்தாம். வண்டி பழையதாகவே, மருந்துச் செலவு ஏறவே, பிறர்க்கு நேரும் இழப்பை மட்டும் ஈடுசெய்யும் காப்புறுதிக்கு அவ்வாண்டு மாறிவிட்டார். அதில் தம் கண்ணாடிக்கு இடமில்லை. பழைய வண்டிக்காரர்களை அறிவிலிகள் எனச் சிலர் எள்ளுவது இதனால்தான். அவ்வெள்ளல் நேர்மையன்று. எழுபத்தைந்து ரிங்கிட்டை எங்கே வைப்பது என்று கணக்குப் போடாதவர்க்கு அது எளிதில் வாய்க்கும்.

வண்டிகளைப் பிரித்து உதிரிப் பாகங்களை விற்கும் கடையில் பழைய கண்ணாடி கிடைக்குமே என்றார் பெரியவர். இளைஞன் மறுக்கவில்லை. “கிடைக்கும் ஐயா. ஆனால் கழற்றும்போது ஓரத்தில் ஒரு பொட்டு அடிபட்டிருந்தாலும் எப்போது உதிரும் என்று சொல்ல முடியாது. யார் உட்காரும் இருக்கை இது?”

பெரியவர் புதுக்கண்ணாடிக்கே இசைந்தார். கோடுகள் இல்லாத கண்ணாடியும் கூலியும் 350 ரிங்கிட், கோடுகள் வேண்டுமாயின் 80 கூடுதல், படலம் தனி. கோடுகளை வேண்டாமென்றார், இத்தனை ஆண்டில் அந்தப் பொத்தானை ஒருமுறையும் அழுத்தியதில்லை என்றார். இதனை முற்றும் ஏற்பதற்கில்லை. செப்டம்பர், அக்டோபர் மழையில், விடியுமுன் சன்னல்களை மூடி ஓட்டுபவர்க்குப் பின்னால் வருவது தெரிந்தாக வேண்டும். ஆனால் படலத்தை விடச் சொன்னபோது அவர் உடன்படவில்லை. பிற்பகுதிக் கண்ணாடிகளுக்கு எவ்வளவு கறுப்பும் ஒட்டலாம் என 2019ஆம் ஆண்டு மே மாதத்திலிருந்து விதி தளர்ந்துள்ளது. விதி இருக்கட்டும், பத்து மணி வெயில் அந்த இருக்கையில் எங்கே விழும் என்பது அவருக்கு நன்கு தெரியும்.

கண்ணாடி மறுநாள் காலையில்தான் வந்து சேரும் என்றனர். புதன்கிழமை ஐந்தரை மணிக்கு, நெகிழித்தாளும் ஒட்டுநாடாவும் கட்டிய வண்டி, படபடவென ஒலித்துக்கொண்டு பாகான் டாலாமை விட்டுப் புறப்பட்டது. அம்மையார் அன்று முன்னிருக்கையில் அமர்ந்தார். “என்னங்க, எவ்வளவு ஆகும்?” என்று கேட்டார். “ஆகும் அளவுதான்” என்றார் பெரியவர்.

மனைவி இயந்திரத்தோடு பிணைந்திருந்த அந்த நான்கு மணி நேரத்தை அவர் பட்டறைக்குக் கொடுத்தார். பசை இறுகக் கூடுதலாக ஒரு மணி நேரம் ஆயிற்று. அதுவரை அம்மையார் சுத்திகரிப்பு நிலையத்து நீளிருக்கையில் சுவரில் சாய்ந்திருந்தார். இளைஞன் சாவியைக் கொடுக்கும்போது, இரண்டு நாளைக்குக் கதவை ஓங்கிச் சாத்த வேண்டாம், காற்றழுத்தம் பசையைத் தள்ளும், சன்னலைச் சிறிது திறந்தே வையுங்கள் என்று சொல்லி அனுப்பினான். படலம் ஒட்டும் வேலை வெள்ளிக்கிழமைக்கு ஒத்திவைக்கப்பட்டது.

புதுக்கண்ணாடி வழியே வெயில் தடையின்றி இறங்கியது. பெரியவர் தோள்துண்டை எடுத்து, கண்ணாடிக்கும் மனைவியின் தலைக்கும் நடுவே, இருக்கையின் மேற்புறத்தில் விரித்தார். பின்னர்க் கதவை, தூங்கும் குழந்தையின் அறைக் கதவைப்போல், இரண்டு கையாலும் பிடித்து ஒலியின்றிச் சாத்தினார். வீடு வந்து சேரும்வரை இருவரும் பேசவில்லை. இறங்கும்போது அம்மையாரின் சேலை மடிப்பிலிருந்து கண்ணாடி மணி ஒன்று உருண்டு விழுந்தது.