மெல்ல நடப்பவரின் வேகம்

மலையுச்சியில் நின்று காணும் காட்சியின் அழகைப் புகழாதார் இல்லை. ஆனால் அவ்வுச்சிக்கு நம்மை அழைத்துச் சென்று, மாலையில் ஓர் ஆள் குறையாமல் அடிவாரத்தில் கொண்டுவந்து சேர்க்கும் வழிகாட்டியை நினைப்பவர் எத்தனை பேர்? அத்தகைய ஒருவரை அன்பு வாசகர்களுக்கு அறிமுகம் செய்ய விழைகிறேன்.

சென்ற டிசம்பரில், உரிய அனுமதி பெற்று, எம் பங்கின் வாலிபரும் நங்கையருமாக 18 பேருடன் குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு நடந்து சென்றேன். குரங்கணி, தேனி மாவட்டத்தில் போடிநாயக்கனூரை அடுத்த மலையடிவாரச் சிற்றூர். டாப் ஸ்டேஷன் என்ற பெயருக்கு ஒரு வரலாறு உண்டு. ஆங்கிலேயர் காலத்தில் மூணாற்றுத் தேயிலை சிறு ரயிலில் அம்மேட்டுக்கு வந்து, அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கியவாறு கோட்டகுடிக்கு இறங்கிற்று. 1924-ஆம் ஆண்டின் பெருவெள்ளம் ரயில்பாதையை அழித்துவிட்டது. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

எங்கள் வழிகாட்டி அவ்வூர்க்காரர். முதலில் தலைகளை எண்ணினார். பிறகு, "உங்களில் மெதுவா நடக்கிறது யாரு?" என்று கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. கால்மணி நேரம் எங்கள் நடையைக் கவனித்தவர், மூச்சு வாங்கிப் பின்தங்கிய ஒரு பெண்ணை அழைத்துத் தமக்கு அடுத்தாற்போல் நிறுத்தினார். "சாமி, இந்தத் தங்கச்சி நடக்கிறதுதான் இன்னைக்கு நம்ம எல்லாருக்கும் வேகம்" என்றார். வலுவான இளைஞன் ஒருவனைக் கடைசியில் வரச் செய்தார். வளைவுதோறும் நின்று மீண்டும் எண்ணினார்.

துடிப்புள்ள இருவருக்கு இது பிடிக்கவில்லை. "நாங்கள் முன்னே போய்க் காத்திருக்கிறோம்" என்றனர். வழிகாட்டி சினம் கொள்ளவில்லை. கொழுக்குமலைப் பக்கமாகக் கையை நீட்டினார்.

2018 மார்ச் 11 அன்று அப்பக்கத்துச் சரிவில் காட்டுத்தீ மூண்டது. மலையேற்றத்திற்கு வந்தவர்கள் அதில் சிக்கினர். 23 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் இளம் வயதினர் பலர். மீட்க விரைந்தவர்களுள் அவ்வட்டார மலைமக்களும் இருந்தனர்.

"தீ மேட்டைப் பார்த்துத்தான் வேகமா ஏறும். கீழே எரியிற சூட்டிலேயே மேலே உள்ள புல்லு காய்ஞ்சிடும். மேலே ஓடுறவனைத் தீ முந்திடும். அந்த நேரத்தில எந்தப் பக்கம் போகணும்னு தெரிஞ்சவன் பக்கத்தில இருக்கணும். நீங்க அரை மைல் முன்னாலே போயிட்டா நான் யாரைக் கூப்பிடுவேன்?" என்றார் அவர். இருவரும் மறுமொழி கூறாது வரிசைக்குத் திரும்பினர்.

நண்பகலுக்குச் சற்று முன் உச்சியை அடைந்தோம். மேற்கே கேரளத்தின் தேயிலைச் சரிவுகள். கிழக்கே, மிகத் தாழ்வில், தேனிச் சமவெளி. வழிகாட்டிக்கு அடுத்து அங்கே கால் பதித்தவள் மெல்ல நடந்த அப்பெண்ணே. விரைந்து நடக்க வல்லவர்களும் அவள் வந்த நேரத்திலேயே வந்தனர். அதனால் அவர்கள் இழந்தது யாது? ஒன்றுமில்லை. காட்சி அனைவருக்கும் ஒன்றாகவே காத்திருந்தது.

குடும்பமும் இவ்வாறன்றோ! வல்லவனின் வேகத்தில் ஓடும் வீட்டில், நோயுற்ற முதியவரும் படிப்பில் தடுமாறும் பிள்ளையும் பின்தங்கிக் காணாமற்போகின்றனர். எண்ணிப் பார்க்க அங்கே எவரும் நிற்பதில்லை.

குரங்கணித் துயரத்திற்குப் பின், 2018-லேயே தமிழக அரசு மலையேற்றத்திற்கு விதிகள் வகுத்தது. பெற்றோரே, பிள்ளைகள் மலைக்குப் போக விரும்பினால் தடுக்காதீர்கள். ஆனால் சில கேள்விகளைக் கேளுங்கள். வனத்துறையின் அனுமதி உண்டா? புல் காய்ந்து கிடக்கும் கோடையைத் தவிர்த்தார்களா? அம்மலையை அறிந்த உள்ளூர்க்காரர் உடன் வருகிறாரா? இறுதியாக, அங்கே யாருடைய வேகத்தில் நடப்பார்கள் என்று கேளுங்கள். அதற்குத் தெளிவான விடை கிடைத்தால், கட்டுச்சோறு கட்டிக் கொடுத்து மகிழ்வுடன் அனுப்பி வையுங்கள்.