திரும்பி வருவதற்கான அனுமதி

முதுமையில் பிள்ளைகள் வாழும் ஊரைத் தேடிச் செல்வது இன்று நம்மவரிடையே அரிய செய்தியன்று. சிலர் சென்னைக்குச் செல்கின்றனர். சிலர் கடல் கடந்து செல்கின்றனர். எங்களில் ஒருவர் அஞ்சல் துறையிலும் மற்றவர் பள்ளியிலும் பணியாற்றி ஓய்வு பெற்றபின், தூத்துக்குடியை விட்டு வட தாய்லாந்திலுள்ள சியாங் மாய் நகருக்கு வந்து சேர்ந்தோம். எங்கள் ஒரே மகனுக்கு அங்கே வேலை. அவனைச் சார்ந்து தங்கியிருந்தால், அவன் வேலை மாறும்போது எங்கள் தங்கலும் ஆட்டம் காணும். ஆகவே ஓய்வு பெற்றோருக்கென்று அந்நாடு வைத்திருக்கும் வழியிலேயே தங்கி வருகிறோம்.

அந்த வழி ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்குத் திறந்திருக்கிறது. ஆண்டுக்கொரு முறை குடிவரவு அலுவலகத்திற்குச் சென்று, 1,900 பாட் கட்டணம் செலுத்தி, மேலும் ஓராண்டு தங்க இசைவு பெறவேண்டும். மாதம் 65,000 பாட் வருமானம் காட்டலாம். அல்லது அந்நாட்டு வங்கியில் 8 இலட்சம் பாட் வைத்திருக்கலாம். எங்கள் ஓய்வூதியம் முதலாவதற்கு எட்டாது. எனவே வீட்டுமனை ஒன்றை விற்று, நம் பணத்தில் இருபது இலட்சத்துக்கும் மேலான அத்தொகையை ஒருவர் பெயரில் வங்கியிலிட்டோம். மற்றவர் அவருடைய வாழ்க்கைத் துணை என்ற முறையில் தங்குகிறார்.

இப்பணத்துக்கென்று ஒரு நாட்காட்டி உண்டு. விண்ணப்பிக்கும் நாளுக்கு இரண்டு மாதம் முன்னதாகவே முழுத்தொகையும் கணக்கில் இருக்கவேண்டும். இசைவு கிடைத்தபின் மூன்று மாதமும் குறையாதிருக்கவேண்டும். எஞ்சிய மாதங்களில் பாதியை எடுத்துக்கொள்ளலாம். 4 இலட்சத்துக்குக் கீழே இறங்கலாகாது. 2019-ஆம் ஆண்டு வந்த விதி இது. எங்கள் நீட்டிப்பு நாள் பிப்ரவரி 20. ஆதலால் டிசம்பர் 20 முதல் மே 20 வரை அப்பணம் எங்களுடையதாக இருந்தும் எங்கள் கைக்கு எட்டாதது.

ஊருக்குப் போகும் திட்டமும் இந்நாட்காட்டிக்குள்ளேதான் அமைகிறது. நீட்டிப்புக் கேட்கும் நாளில் நாங்கள் அந்நாட்டில் இருந்தாகவேண்டும். வெளிநாட்டில் இருக்கையில் அந்நாள் கடந்துபோனால், எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கவேண்டியதுதான். அங்குத் தொடர்ந்து தங்கியிருப்போர் தொண்ணூறு நாளுக்கொருமுறை, இன்ன முகவரியில் இருக்கிறோம் என்று அறிவிக்கவும் வேண்டும். நாட்டைவிட்டுச் சென்று திரும்பினால் அந்தக் கணக்கு புதிதாகத் தொடங்கும்.

நாங்கள் அக்டோபர் இறுதியில் புறப்பட்டு டிசம்பர் தொடக்கத்தில் திரும்புவோம். இதற்குக் காரணங்கள் இரண்டு. நவம்பர் 2 கல்லறைத் திருநாள். பெற்றோரின் கல்லறைக்குச் சுண்ணாம்படித்து, பூச்சூட்டி, மெழுகுதிரி ஏற்றவேண்டும். அதே நவம்பரில்தான் மத்திய அரசின் ஓய்வூதியர் ஒவ்வொருவரும் உயிர்ச்சான்று அளிக்கவேண்டும். 2014-இல் தொடங்கிய ஜீவன் பிரமாண் முறையில் கணினிவழியாகவும் அதனை அளிக்கலாம். வெளிநாட்டில் வாழ்வோருக்கும் வழிகள் உண்டு. எனினும் பழகிய அலுவலகத்தில் நேரில் போய் நிற்பதையே நாங்கள் விரும்புகிறோம். இறந்தோரை நினைக்கும் மாதத்தில், நாங்கள் உயிரோடிருக்கிறோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறோம்.

இனி, நாங்கள் சொல்ல வந்த செய்தி. ஓராண்டு தங்குவதற்கான இசைவு, வெளியே போய்த் திரும்புவதற்கான இசைவு ஆகாது. மறுநுழைவு அனுமதி என்று ஒன்றைத் தனியே பெறவேண்டும். அதைப் பெறாமல் எல்லையைத் தாண்டினால், நீட்டிப்பு அந்த நிமிடமே அழிந்துபோகும். ஒருமுறை மட்டும் போய்வர 1,000 பாட். எத்தனை முறையும் போய்வர 3,800 பாட். ஆண்டுக்கு ஒரே பயணம் போகிற எங்களுக்கு முதலாவதே போதும் என்று கணக்குச் சொல்லும். ஆயினும் இருவருமே பெரிய அனுமதியைப் பெற்று வருகிறோம். இருவருக்கும் சேர்த்து 5,600 பாட் கூடுதல். "வீண் செலவு அப்பா, தேவைப்பட்டால் விமான நிலையத்திலேயே வாங்கிக்கொள்ளலாமே" என்றான் மகன். அவன் சொன்னதும் மெய்யே. ஆனால் பதறிய நெஞ்சோடு புறப்படுகிறவருக்குப் படிவமும் வரிசையும் எவ்வளவு பாரம் என்பதை வயது எங்களுக்குக் கற்றுத் தந்திருந்தது.

ஊரில் ஒரு மூத்தவர் இருக்கிறார். எங்களில் ஒருவருக்கு அக்காள், மற்றவருக்கு மதினி. 2024 மார்ச்சில் ஓரிரவு அவருடைய மகன் தொலைபேசியில் அழைத்தான். "மாமா, அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார்கள். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. நாளை மறுநாள் அறுவை. உங்களைத்தான் கேட்கிறார்கள்." மறுநாள் காலை புறப்பட்டோம். கடவுச்சீட்டுகளில் அனுமதி இருந்தது. யாரிடமும் எதுவும் கேட்கவேண்டியிருக்கவில்லை. பாங்காக்கிலிருந்து சென்னைக்கு மூன்றரை மணி நேரம், அங்கிருந்து தூத்துக்குடி. அறுவைக்கு முந்தைய இரவில் அக்காளின் கட்டிலருகே இருந்தோம்.

மருத்துவமனை முன்பணம் கேட்டது. எங்கள் 8 இலட்சம் பாட் அப்போது பூட்டப்பட்ட மாதங்களுக்குள் இருந்தது. அதில் ஒரு பகுதியை எடுத்தால் அடுத்த ஆண்டின் இசைவு கேள்விக்குள்ளாகும். மகனோடும் பேரக்குழந்தையோடும் வாழும் வாழ்வு முறிந்துபோகும். எடுக்காவிட்டால், எங்களைத் தோளில் தூக்கி வளர்த்தவரின் தேவைக்கு உதவாத பணத்தைக் காவல் காப்பவர்களாவோம். நீண்ட விவாதம் நடக்கவில்லை. மதினி என்று அழைப்பவர் தம் கையிலிருந்த இரண்டு வளையல்களைக் கழற்றிக் கொடுத்தார். அவை அடகுக் கடைக்குச் சென்றன. ஜூன் மாதத்தில் விதி அனுமதித்த பங்கிலிருந்து பணம் அனுப்பி அவற்றை மீட்டோம். டிசம்பர் 20-க்குள் குறையை நிரப்ப ஓய்வூதியத்திலிருந்து சிறுகச் சிறுகச் சேர்த்தோம்.

அக்காள் கண்விழித்துக் கேட்ட முதற் கேள்வி, "எப்போது திரும்பிப் போகிறீர்கள்?" என்பதே. வருத்தத்தில் கேட்டாரா, வழக்கத்தில் கேட்டாரா என்று தெரியவில்லை. பக்கத்து வீட்டாரும், பழைய மாணவரும், பால்காரரும் அதையே கேட்டனர். அந்நாட்டு அலுவலகம் எப்போது திரும்பி வருவீர்கள் என்கிறது. நம் ஊர் எப்போது திரும்பிப் போவீர்கள் என்கிறது. இரண்டு இடத்திலும் எங்களைத் திரும்புகிறவர்களாகவே காண்கிறார்கள். இதற்காக முன்பு வருந்தியிருக்கிறோம். இப்போது வருந்துவதில்லை. இரண்டு இடத்திலும் எங்கள் வருகைக்காகக் கதவைப் பார்த்திருப்போர் இருக்கின்றனர் என்பதுதானே அதன் பொருள்?

அன்பு வாசகர்களே, பிள்ளைகளோடு சென்று தங்க நினைப்போர் பெரும்பாலும் முதலில் விசாரிப்பது, எத்தனை நாள் தங்கலாம் என்பதையே. அதோடு இன்னொன்றையும் விசாரியுங்கள்: நள்ளிரவில் அழைப்பு வந்தால் விடியலில் புறப்பட முடியுமா? சென்றபின் திரும்பி வர முடியுமா? கைக்கு எட்டாத பணத்துக்கு அப்பால், அவசரத்துக்கென்று சிறிதேனும் இருக்கிறதா? வளையல்களை மீட்ட நாள் முதல் நாங்கள் ஊர் வங்கியில் அவசரத்துக்கென்று தனியே ஒரு தொகை வைத்திருக்கிறோம். அது எந்த அலுவலகத்தின் கணக்கிலும் சேராது.

அக்காள் இப்போது கைத்தடி ஊன்றி முற்றம்வரை நடக்கிறார். நவம்பருக்கான பயணச்சீட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அது நாங்கள் திட்டமிடும் பயணம். திட்டமிட முடியாத மற்றொன்றுக்காக, பிப்ரவரியில் ஆளுக்கு 3,800 பாட் கட்டுவோம். அது பயன்படாமலே போகும் ஆண்டுகளை நல்ல ஆண்டுகள் என்று எண்ணிக்கொள்வோம்.